நான்கு மணிக் காப்பியும் ஒரு மணிச் சாப்பாடும்

திருவனந்தபுரம் தம்பானூரில், இரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, செங்கல் நிறத்தில் ஓர் உருளைக் கட்டடம் நிற்கிறது. நேர்ச்சுவர் என்று அதில் எதுவும் இல்லை. மூலை என்றும் எதுவும் இல்லை. அடியிலிருந்து உச்சிவரை திருகாணி போலச் சுற்றியேறும் அதன் புறச்சுவர் முழுவதும் சின்னச் சின்னத் துளைகள். புறாக்கூண்டு என்பார் சிலர்; கலங்கரை விளக்கம் என்பார் சிலர். கட்டடக்கலை மாணவர்கள் தெருவில் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் குமரி மாவட்டத்தவர்க்கோ அது வேறு. நாகர்கோவிலுக்கு வண்டி ஏறுமுன் ஒரு வாய் காப்பி குடிக்கும் இடம். மருத்துவக் கல்லூரிக்கும், 1981-இல் தொடங்கப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் நோயாளிகளை அழைத்துச் சென்றவர்கள் திரும்பும் வழியில் பசியாறும் இடம். தம்பானூர் காப்பி ஹவுஸ் என்றால் போதும், நம்மவர்க்கு விளங்கிவிடும்.

இந்தியன் காப்பி ஹவுஸின் இந்தக் கட்டடத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டவை பல. அவற்றுட் பெரும்பாலானவை படத்தைப் பார்த்து எழுதப்பட்டவையாகவோ, ஒரு காப்பி குடித்துவிட்டு எழுதப்பட்டவையாகவோ எனக்குத் தோன்றுகின்றன. பள்ளிக்கூடக் கட்டடத்தை விடுமுறை நாளில் பார்த்து மதிப்பிடுவோமா? மணியடித்து, ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் படியிறங்கும்போது பார்க்க வேண்டும். உணவகக் கட்டடத்தையும் பந்தி நடக்கும் வேளையில்தான் பார்க்க வேண்டும். நான் முதன்முறை அங்குச் சென்றது ஒரு மாலை நான்கு மணிக்கு. சில ஆண்டுகளுக்குப் பின், அண்மையில், பகல் ஒரு மணிக்குச் சாப்பிடச் சென்றேன். முதல் வருகையில் எழுந்த மதிப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அதன் பக்கத்தில் வேறொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டியவரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், குவேக்கர் சபையினர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவ உதவிக் குழுவினரோடு சீனா சென்றார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1945-இல் தொழுநோயாளர்க்குப் பணிபுரியும் நிறுவனமொன்றின் கட்டட வேலைக்காக இந்தியா வந்தார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் அங்கேயே காலமானார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியக் கருத்தை ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடாமல், செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் செய்துகாட்டியவர் அவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அதனை எலிப்பொறிக் கட்டு என்பர். அம்முறையில் ஏறத்தாழக் கால் பங்குச் செங்கல் மிச்சமாகும். பூச்சு வேலையை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். வரைபடத்தை விட, கட்டுமான இடத்தில் கொத்தனாரோடு நின்று பேசுவதையே நம்பினார்.

நம் வாசகர் பலர் அவருடைய கைவேலையை அவர் பெயர் தெரியாமலே கண்டிருப்பர். ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையினரின் லொயோலா சிற்றாலயம் அவர் கட்டியதே. செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டு அடுக்கிய சுவர், கண்ணாடி இன்றி, சன்னல் இன்றி, வெளிச்சத்தையும் காற்றையும் வடிகட்டி உள்ளே விடுகிறது. ஜாலி என்று கொத்தனார்கள் சொல்லும் அந்த வேலைப்பாடுதான் காப்பி ஹவுஸின் துளைச் சுவரிலும் உள்ளது. ஆனால் ஆலயத்தில் கூடுவோர் அமர்ந்திருப்பார்கள், அல்லது முழங்காலில் நிற்பார்கள். உணவகத்தில் அமர்ந்திருப்பவர் பாதி, நடந்துகொண்டே இருப்பவர் மீதி. இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னர் அதற்கு வருவேன்.

தம்பானூரில் அவருக்குக் கிடைத்த மனை குறுகலானது. குறுகிய இடத்தில் பலருக்கு இருக்கை வேண்டுமானால் மேல்நோக்கித்தான் கட்டவேண்டும், மாடிகள் வேண்டும், மாடிகளுக்குப் படிக்கட்டு வேண்டும், படிக்கட்டு பத்துப் பேர் அமரும் இடத்தை விழுங்கிவிடும். பேக்கர் படிக்கட்டையே நீக்கிவிட்டார். தரையே படிக்கட்டின் வேலையைச் செய்கிறது. நடுத்தூணைச் சுற்றிச் சாய்வாக ஏறும் ஒரே பாதை. அதன் புற ஓரத்தில், துளைச் சுவரை ஒட்டி, மேசைகளும் இருக்கைகளும். அவை தச்சன் செய்து கொண்டுவந்து போட்டவை அல்ல. கட்டடத்தோடு கட்டடமாகக் கட்டப்பட்டவை. பாதை சாய்ந்தாலும் மேசை சாயவில்லை. தம்ளரில் தண்ணீர் சமமாக நிற்கிறது. வட்ட வடிவத்துக்கும் கணக்கு உண்டு. நூறு சதுர அடி இடத்தைச் சதுரமாக வளைக்க 40 அடிச் சுவர் வேண்டும். வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 35½ அடி போதும். சிக்கனத்திலிருந்து பிறந்த வடிவத்தை நாம் விசித்திரம் என்று வேடிக்கை பார்க்கிறோம்.

நான்கு மணிக்குச் சென்றபோது என்னைக் கவர்ந்தது ஒளி. மேற்கே சாய்ந்த வெயில் துளைகள் வழியே நேரே உள்ளே வந்தது. எதிர்ச்சுவரில், மேசையில், காப்பிக் கோப்பையின் விளிம்பில் சிறு சிறு வெளிச்சக் கட்டங்கள். கூட்டமும் இல்லை. ஒரு காய்கறிக் கட்லெட், ஒரு காப்பி. உடைத்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. அது காப்பி ஹவுஸ்களின் முத்திரை. கும்பகோணத்து டிகிரி காப்பியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே கிடைக்கும் காப்பி இளசாகத் தோன்றும். ஆனாலும் அந்த ஒளியில் அது குறையாகப் படவில்லை. உச்சிச் சுற்றுவரை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, மெல்ல இறங்கிவந்தேன். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அழகாக ஓர் உணவகத்தைக் கட்டமுடியாது என்பது அன்று என் முடிவு.

பகல் ஒரு மணிக்கு வெயில் தலைக்கு மேலே நிற்கிறது. சுவர்த் துளைகள் வெளிச்சம் தருகின்றன, கோலம் போடுவதில்லை. காற்று தடையின்றி வருகிறது. மின்விசிறியை அணைத்தாலும் மூச்சு முட்டாது. அந்தச் சுவரின் உண்மையான பணி அதுதான். வெளிச்சக் கட்டங்களின் அழகில் பாதி கட்டடத்தினுடையது, பாதி நான்கு மணி வெயிலினுடையது என்று கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

அன்று என்னோடு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு முதிய தாயும் அவர் மகனும் வந்திருந்தனர். அந்தத் தாய்க்குப் புற்றுநோய் மையத்தில் மறுபரிசோதனை முடிந்து, அடுத்த தேதியும் வாங்கியாயிற்று. கீழ்ச் சுற்றுகளில் இடம் இல்லை. மூன்றாம் சுற்றில்தான் கிடைத்தது. பாதை நெடுகிலும் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினார். படிக்கட்டாக இருந்திருந்தால் அவரால் ஏறியிருக்க முடியாது என்றான் மகன். உண்மைதான்; சாய்பாதை முதியோர்க்கும் நோயாளிக்கும் இரங்குகிறது. ஆனால் ஏறி முடித்தபின் அமர்வதுதான் பாடாயிற்று. இருக்கையை இழுத்துப் போட்டுக்கொள்ள வழியில்லை. உடம்பைத்தான் ஒருக்களித்து நுழைத்துக்கொள்ளவேண்டும். காப்பிக்கு உள்ளங்கை அகல இடம் போதும். சாப்பாட்டுக்குத் தட்டு, தண்ணீர், தயிர்ப்பச்சடி, ஊறுகாய் எல்லாம் வேண்டும். மூவர் சாப்பாட்டை அந்தச் சிறு மேசை தாங்கியது. ஆனால் முழங்கைகளுக்கு இடம் தரவில்லை. ஐந்து பேராக வந்த ஒரு குடும்பம் இரண்டு மேசைகளில் பிரிந்து அமர்ந்து, சாய்பாதையின் மேலும் கீழுமாகப் பேசிக்கொண்டிருந்தது.

இருக்கைகளை நிலையாகக் கட்டிவிட்டதில் ஒரு நன்மையும் உண்டு. நம் ஊர் உணவகங்களில் கூட்டம் பெருகப் பெருக மேசைகளுக்கிடையே மேசை முளைக்கும். எழுந்து போகிறவரின் வேட்டி உண்பவரின் இலையில் உரசும். இங்கே அது நடவாது. எத்தனை பேர் அமரலாம் என்பதைக் கட்டியவர் ஒருமுறை தீர்மானித்துவிட்டார். அதற்குமேல் ஒருவரைக்கூட எந்த மேலாளராலும் செருக முடியாது.

நான் காய்கறி பிரியாணி சொன்னேன்; அன்று வெள்ளிக்கிழமை. மகனும் அதையே சொன்னான். தாய் மசால் தோசை கேட்டார். தோசையைப் பிரித்ததும், "சாமி, இது என்ன இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார். பீட்ரூட் என்றேன். மஞ்சள் உருளைக்கிழங்கு மசாலையே கண்டு பழகிய நமக்கு அந்தச் சிவப்பு முதலில் திகைப்பூட்டும். பீட்ரூட்டின் இனிப்பு, பச்சைமிளகாயின் காரத்தைத் தணித்து, மசாலையைச் சற்று மந்தமாக்குகிறது. நாகர்கோவில் தோசையை அளவுகோலாகக் கொண்டால் இது தோற்கும். அப்படி ஒப்பிடுவது நியாயமில்லை; கட்லெட்டைத் தோசைக்குள் வைத்ததாக நினைத்துச் சாப்பிட்டால் அதன் போக்கு புரியும். வாய்ப்புண் ஆறிவரும் அந்தத் தாய்க்குக் காரமின்மையே வசதியாயிற்று. முழுத் தோசையையும் உண்டார். பிரியாணியைப் பற்றி: அரிசி உதிரியாக இருந்தது, மசாலையின் கை அடக்கம். திண்டுக்கல்லை நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாறுவார். வயிறு நிறைந்து, நெஞ்செரியாமல், மூன்று மணி வண்டியில் உட்காரவேண்டியவர்க்கு அது சரியான பிரியாணி. இரயிலடி உணவகத்தின் சமையல் அப்படித்தான் இருக்கவேண்டும்.

சாப்பாட்டு வேளையில் கண்ணைக் கவர்வது சுவரல்ல, சாய்பாதை. வெள்ளைச் சீருடை, கஞ்சி போட்டு விசிறிபோல் நிற்கும் தலைப்பாகை, கையில் தட்டு. பணியாளர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். பகல் கூட்டத்தில் அந்த நடை நிற்பதே இல்லை. எங்களுக்குப் பரிமாறியவர் நாங்கள் அமர்ந்திருந்த நேரத்துக்குள் ஏழெட்டு முறை எங்களைக் கடந்து மேலே போனார். ஏறும்போது நிறைந்த தட்டு. இறங்கும்போது எச்சில் தட்டுகளும் தம்ளர்களும். எங்கள் மேசையில் அமர்ந்திருந்த தாய் தோசையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம ஒருதரம் ஏறினதுக்கே மூச்சு வாங்குது. இந்தப் பிள்ளையளுக்குக் காலு கடுக்காதா, சாமி?"

திறனாய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி இது. உணவகம் என்பது உண்பவருக்கு அரைமணி நேர இருப்பிடம்; பரிமாறுபவருக்கு வாழ்நாள் இருப்பிடம். பத்து நிமிடம் ஏறியிறங்குகிறவருக்கு இன்பமாக இருக்கும் சரிவு, நாள் முழுவதும் ஏறியிறங்குகிறவருக்கு என்னவாக இருக்கும்? மலையோர ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். பேக்கர் செங்கல்லில் மிச்சம் பிடித்தார், சுவரில் மிச்சம் பிடித்தார், பூச்சில் மிச்சம் பிடித்தார். மிச்சமான காசின் ஒரு பங்கைப் பணியாளரின் கால்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன. கட்டடத்தைப் புகழ்ந்து நான் படித்தவற்றில் இந்தக் கணக்கைக் காணவில்லை.

ஆயினும் பேக்கர் மீது மட்டும் இதைச் சுமத்திவிட்டுப் போவது எளிது, நேர்மையன்று. அந்த மனையில் வேறு எவர் கட்டியிருந்தாலும் மாடிதான் கட்டியிருப்பார். பணியாளர் படிக்கட்டில் ஏறியிருப்பார். சரிவு தொலைவு மிகுந்தது; படிக்கட்டு செங்குத்தானது. தட்டோடு ஏறுவதற்கு இரண்டில் எது நல்லது என்று கேட்டால், தட்டு ஏந்துகிறவர்கள் சரிவையே சொல்லக்கூடும். இன்னொன்றும் உண்டு. பெரிய உணவகங்களில் இந்த ஏற்ற இறக்கம் பின்கட்டில், இருட்டான படிக்கட்டில் நடக்கிறது. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் நமக்குக் கதவைத் திறந்துகொண்டு வரும் தட்டு மட்டுமே தெரியும். இங்கே உண்ண வருகிறவரும் பரிமாறுகிறவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. அந்தத் தாயின் கண்ணில் பணியாளரின் கால் பட்டது, கட்டடம் அதை மறைக்காததால். வேறோர் உணவகத்தில் அந்தக் கேள்வியே எழுந்திராது.

பணியாளர் எவருக்காக நடக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். காப்பிக் குடியை நாட்டில் பரப்புவதற்காகத் தொடங்கப்பட்டவை இந்தக் காப்பி இல்லங்கள்; முதலாவது 1936-இல் பம்பாயில் திறக்கப்பட்டது. பின்னர் இவற்றை நடத்திய காப்பி வாரியம் 1950-களின் நடுப்பகுதியில் இவற்றை மூட முடிவுசெய்தபோது, தொழிலாளர்கள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களை ஊக்கி, நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துங்கள் என்றார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் உருவாயிற்று. கேரளத்தில் 1958 மார்ச் 8-இல் திருச்சூரில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. அதன் பின்னே நின்று உழைத்தவர் தொழிற்சங்கத் தலைவர் நடைக்கல் பரமேசுவரன் பிள்ளை. இன்று கேரளத்தின் காப்பி ஹவுஸ்களைத் திருச்சூரையும் கண்ணூரையும் தலைமையிடமாகக் கொண்ட இரு சங்கங்கள் நடத்துகின்றன. தட்டு ஏந்தி வருகிறவர்கள் உறுப்பினராக, நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் இது. முதலாளியின் இலாபத்துக்காக ஏறும் கால்கள் வேறு, தங்கள் சங்கத்துக்காக ஏறும் கால்கள் வேறு என்பார்கள். அதில் பொருள் உண்டு. எனினும், சொந்த வயலில் உழுதவனுக்கும் மாலையில் முதுகு வலிக்கத்தான் செய்யும்.

இந்தக் கட்டடத்துக்காக வாதாடவேண்டுமானால், ஒளியைக் காட்டி வாதாடமாட்டேன். ஒரே தரையைக் காட்டுவேன். நம் நகரங்களின் உணவகங்களில் கீழே சாதாரணப் பிரிவு, மேலே குளிரூட்டிய பிரிவு. அதே சாம்பாருக்கு மேலே விலை அதிகம். குடும்ப அறை என்று ஒன்று, தனி வாசல் என்று ஒன்று. எவர் எங்கே அமரவேண்டும் என்பதை, உள்ளே நுழையுமுன்னரே நம் சட்டை தீர்மானித்துவிடுகிறது. தம்பானூரில் கீழ்த்தளம், மேல்தளம் என்று பிரிக்கவே இயலாது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது? எங்கள் மேசைக்கு இரண்டு மேசை கீழே செயலகத்துக்காரர்கள் போல் தோன்றிய இருவர். இரண்டு மேசை மேலே, தலையில் சும்மாட்டுத் துணியை அவிழ்க்காத ஒரு சுமைத் தொழிலாளி. ஒரே கல்லிருக்கை, ஒரே விலைப்பட்டியல். சுவரில் அறிவிப்புப் பலகை எழுதி வைத்துச் சமத்துவம் கற்பிப்பதைவிட, பிரிக்க முடியாதபடி கட்டிவிடுவது உறுதியான வழி. அந்தத் தாய் தம் மருத்துவமனைக் கோப்பையும் துணிப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு, எவருக்கும் கூச்சப்படாமல் உட்கார்ந்திருந்தார். பரிசோதனைக் கூடங்களிலும் வரிசைகளிலும் காலை முழுவதும் ஒடுங்கி நின்றவர் அவர்.

ஆகவே, இதைவிட அழகாகக் கட்டமுடியாது என்ற பழைய முடிவை அப்படியே வைத்துக்கொண்டு, இதைவிட இரக்கமாகக் கட்டியிருக்கலாமா என்ற கேள்வியை அதனருகே வைக்கிறேன். நடுத்தூணுக்குள், கிணற்றில் வாளி ஏறுவதுபோல் தட்டுகள் ஏற ஒரு சிறு வழி விட்டிருந்தால் என்ன? எச்சில் தட்டுகளை வைக்க ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாடம்? பேக்கர் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். கொத்தனாரின் யோசனையைக் கேட்டுச் சுவரை மாற்றியவர் அவர், சாப்பிட வந்தவரின் யோசனையையும் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

போக விரும்பும் வாசகர்க்கு நடைமுறைச் செய்திகள் சில. ஒளியையும் உச்சிச் சுற்றையும் பார்க்க விரும்புவோர் மாலையில், வானம் தெளிந்திருக்கும் நாளில் போகலாம். முதியோரை அழைத்துச் செல்வோர் பகல் கூட்டம் சேருமுன் போனால், முதற்சுற்றிலேயே இடம் கிடைக்க வழியுண்டு. பகல் கூட்டத்தில் போகிறவர்கள், கீழ்ச் சுற்றில் ஒரு மேசை காலியாகும்வரை இரண்டு நிமிடம் நிற்க முடிந்தால் நிற்கட்டும். காப்பி வேண்டுமென்றால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே சொல்லிவிடலாம். சற்று ஆறித்தான் போகும். பிறகு தனியாகக் கேட்டால், அது அவருக்கு இன்னொரு நடை.